வேப்பங்கரட்டு வண்டிக்குப் பம்பாக இருந்தவர்

எங்கள் ஊர் ஆட்களைப் பற்றி நல்லதாக ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கலாம் என்று ரொம்ப நேரம் யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை, அதனால் வண்டியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

மலையடிவாரத்தில் வேப்பங்கரடு என்று ஓர் ஊர், ஊருக்கு மேலே மலை, மலைக்கு மேலே சௌசௌவும் அவரையும் மலைவாழையும், அதையெல்லாம் கீழே இறக்கித் திண்டுக்கல் சந்தைக்குக் கொண்டுபோக ஊருக்கென்று ஒரே ஒரு வெள்ளை பிக்கப் வண்டி. வண்டி கோவர்த்தனனுக்குச் சொந்தம். ஸ்டாண்டில் நிற்பது அந்த ஒரு வண்டிதான் என்றாலும் அதற்கு ஒரு சங்கம் இருந்தது, சங்கத்துக்குக் கொடிக்கம்பம் இருந்தது, கொடிக்கம்பத்தில் தலைவர் என்று கோவர்த்தனன் பெயர் இருந்தது, பெயருக்குக் கீழே நிற்க நிழல் மட்டும் இல்லை. வண்டியை ஓட்டியது என் வீட்டுக்காரர் சவடமுத்து. ஓட்டுவதில் அவரைக் குறை சொல்ல முடியாது. மற்ற எல்லாவற்றிலும் சொல்லலாம்.

எங்கள் ஊரில் வண்டிக்கு டீசல் ஊற்றுகிற முறை வேறெங்கும் கிடையாது, இருக்கவும் கூடாது. யார் சரக்கு ஏற்றுகிறாரோ அவர்தான் டீசல் ஊற்ற வேண்டும். அதில் தப்பில்லை. ஆனால் தன்னுடைய டீசலில் அடுத்தவன் சரக்கு ஒரு முழம்கூட நகர்ந்துவிடக் கூடாது என்று, சந்தையிலிருந்து வண்டி திரும்பியதும் சரக்குக்காரர் ஒரு குழாயை டேங்குக்குள் விட்டு, வாய் வைத்து உறிஞ்சி, மிச்சம் இருப்பதையெல்லாம் கேனில் பிடித்து, காறித் துப்பிவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் வைத்துவிடுவார். அந்தக் கேனில் இருப்பதை அடுத்த முறை ஊற்றுவாரா என்றால் அதுவும் மாட்டார், புதிதாகத்தான் வாங்கி ஊற்றுவார், ஏனென்றால் கேனில் இருப்பது சேமிப்பு. இப்படியே எல்லா வீட்டுக் கட்டிலுக்கு அடியிலும் டீசல் நிறைந்துகொண்டே போனது, வண்டியின் டேங்கு மட்டும் எப்போதும் காய்ந்து கிடந்தது, எங்கள் ஊர்க் குழந்தைகள் டீசல் வாசத்திலேயே பிறந்து டீசல் வாசத்திலேயே தவழ்ந்தன, ஒருத்தருக்கும் அது வாசமாகவே தெரியவில்லை.

அந்த வண்டிக்கு டேங்குக்குள்ளேயே ஒரு கரண்டு பம்பு உண்டு. சாவியைத் திருப்பினால் ‘ங்ங்’ என்று கொஞ்ச நேரம் முனகி, டீசலை இன்ஜினுக்குத் தள்ளிவிடும். அந்தப் பம்பு டீசலில் முங்கிக் கிடந்தால்தான் குளிர்ச்சியாக இருக்கும், டேங்கைக் காயப்போட்டால் சூடேறிச் செத்துப்போகும் என்று மெக்கானிக் இன்னாசி பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வான். சொல்லிவிட்டு, யாராவது முறைத்தால், “அப்படின்னு சொல்றாங்க, நமக்கென்ன தெரியும்” என்று முடித்துக்கொள்வான். அவனுக்கு முதுகெலும்பு இருக்கிற இடத்தில் ரப்பர் குழாய்தான் இருக்கிறது என்று நான் ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பம்பு செத்தது ஒரு சௌசௌ லோடு நாளில். மேலே காய் பறிக்கப் போன பெண்கள் நாங்கள் மூட்டைகள் மேல் உட்கார்ந்திருந்தோம், சரக்கு கோவர்த்தனனுடையது என்பதால் அவர் முன்னால் உட்கார்ந்திருந்தார், இறக்கத்துக்கு நடுவில் ஒரு மேடு வரும், அந்த மேட்டில் வண்டி ரெண்டு தடவை இருமி, அப்படியே நின்றுவிட்டது. எல்லாரும் இறங்கித் தள்ளினோம். கோவர்த்தனன் மட்டும் இறங்காமல், உள்ளே இருந்துகொண்டே கதவைக் கையால் தட்டி, “தள்ளுங்க, தள்ளுங்க” என்று தானும் தள்ளினார். என் வீட்டுக்காரர் பானெட்டைத் திறந்து, டீசல் குழாயில் சிக்கின காற்றை வெளியே விட்டுப் பார்த்தார், சாவியைப் போட்டுவிட்டுக் கீழே படுத்து டேங்கில் காதை வைத்துக் கேட்டார். ஒரு சத்தமும் இல்லை.

“பம்பு போயிருச்சுண்ணே” என்றார்.

“எங்க போச்சு? உள்ளதான இருக்கு? நீ ஏறி உக்காந்து மனசு வச்சு எடு” என்றார் கோவர்த்தனன்.

இந்த மனுசரும் ஏறி உட்கார்ந்து மனசு வைத்தார். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு, யாருடைய சௌசௌவோ வாடிவிடக் கூடாதென்று, என்னையும் பிள்ளைகளையும் பற்றி ஒரு நாளும் அப்படிக் கவலைப்பட்டதில்லை, அப்படிக் கவலைப்பட்டார். நான் கதவுப் பக்கத்தில் நின்றிருந்தேன். ‘ங்ங்’ என்று சத்தம் கேட்டது. டேங்கிலிருந்து வரவில்லை, அவருடைய சட்டைப் பைக்குப் பின்னாலிருந்து வந்தது. சாவியைத் திருப்பினார், இன்ஜின் பிடித்துக்கொண்டது.

“ஏங்க, உங்க நெஞ்சுல சத்தம் வருது.”

“வரட்டும். வண்டி வருதுல்ல? ஏறு.”

ஏறினேன். சந்தைக்குப் போய்ச் சரக்கை இறக்கிவிட்டு வீடு வந்து சேர்ந்தோம். கோவர்த்தனன் மறக்காமல் மிச்ச டீசலை உறிஞ்சிக்கொண்டு போனார்.

மறுநாள் இன்னாசி வந்து சோதனை போட்டான். என் வீட்டுக்காரர் வண்டியில் ஏறினால் செத்த பம்பு வழியாகவே டீசல் மேலே ஏறியது, இறங்கினால் ஏறவில்லை, பாதி ஏறி ஒரு காலைக் கீழே தொங்கவிட்டால் இன்ஜின் விக்கியது. இன்னாசி தலையைச் சொறிந்துகொண்டு, “பம்பு செத்துப்போச்சு, ஆனா வேலை நடக்குது” என்றான். “நடக்குதுல்ல? அப்புறம் எதுக்கு மாத்தணும்?” என்றார் கோவர்த்தனன். ஊரே தலையை ஆட்டியது. ஒரு மனுசன் நெஞ்சுக்குள் எப்படி ஒரு பம்பு வரும் என்று ஒருத்தர், ஒரே ஒருத்தர், கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அடுத்த லோடு யாருடையது என்பதுதான் பேச்சு.

எங்கள் ஊர் ஓர் அதிசயத்தைச் சீரணிக்க எடுத்துக்கொள்ளும் நேரம் ஒரு வடையைச் சீரணிக்கும் நேரத்தைவிடக் குறைவு. முதலில் எல்லாரும் வந்து நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார்கள், அப்புறம் காது வைத்துக் கேட்டார்கள், அப்புறம் அழுகிற கைப்பிள்ளைகளைக் கொண்டுவந்து அவர் நெஞ்சில் படுக்கவைத்தார்கள், அந்த முனகலில் பிள்ளைகள் உடனே தூங்கிவிட்டன என்றதும் பிள்ளை தூங்காத வீட்டுக்காரர்களெல்லாம் வரிசையில் நின்றார்கள். கல்யாணம் முடித்தவர்கள் மாலையும் கழுத்துமாக வந்து விழுந்து கும்பிட்டுப் போனார்கள். ஒருத்தி ஓடாத மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அது ஓடவில்லை, அவளுக்குப் பக்தி போதவில்லை என்று அவளே சொல்லிக்கொண்டு திரும்பிப் போனாள். பக்கத்து ஊரான கோம்பையூருக்கு ரெண்டு வண்டி இருந்தது, ரெண்டிலும் பம்பு நன்றாக இருந்தது, அதைப் பார்த்து எங்கள் ஆட்கள் கேலியாகச் சிரித்தார்கள். கடையில் வாங்கின பம்பை வைத்து ஓட்டுவதும் ஒரு பிழைப்பா என்றார்கள்.

என் வீட்டுக்காரர் இருக்கிறாரே, அவர் அதுவரைக்கும் யாராலும் நிமிர்ந்து பார்க்கப்படாதவர். டீக்கடையில் அவருக்கு எப்போதும் கடைசியில்தான் டீ வரும். இப்போது முதல் டீ அவருக்கு. “ஒரு டீயில விழுந்துட்டீங்களே” என்றேன். “சும்மா இருடி, உனக்கு ஒரு நல்லது பொறுக்காதே” என்றார். நெஞ்சை முன்னால் தள்ளி நடக்கப் பழகினார். கண்ணாடி முன்னால் நின்று சட்டையின் மேல் பித்தான் ரெண்டையும் கழற்றிவிடப் பழகினார்.

ஆனால் நான் பார்த்ததை யாரும் பார்க்கவில்லை. டேங்கில் டீசல் கொஞ்சம் இருக்கும்போது அவர் நெஞ்சு வெதுவெதுப்பாக இருக்கும். டீசல் குறையக் குறையச் சுடும். சரக்குக்காரர் குழாய் போட்டு உறிஞ்சுகிற நேரத்தில் அடுப்புக்கல் மாதிரி கொதிக்கும். ஈரத்துண்டைப் போட்டால் ஆவி வந்தது. சட்டையின் பிளாஸ்டிக் பித்தான்கள் உருகித் துணியோடு ஒட்டிக்கொண்டன. சோறு இறங்கவில்லை, விலா எலும்பு வெளியே தெரிந்தது, மூச்சில் கருகின வாசம் அடித்தது. பக்கத்து வீட்டுக் குருவம்மாவிடம் சொன்னேன். அவள், “ஒரு தோசையை ஊத்திப் பாரு வெள்ளத்தாயி, உனக்கு கேஸ் மிச்சம்” என்று சொல்லிவிட்டு அவளே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

டேங்குக்குள் ஒரு பம்பு எதனால் செத்ததோ அதே காரணத்தால் இந்த மனுசரும் சாகப்போகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. நான் ஆறாவது தாண்டாதவள். இதைப் புரிந்துகொள்ள ஆறாவதுகூடத் தேவையில்லை.

கோவர்த்தனனைத் தேடி ஸ்டாண்டுக்குப் போனேன்.

“அண்ணே, ஒரு புதுப் பம்பு வாங்கிப் போட்ருங்க. மனுசன் வெந்துக்கிட்டிருக்காரு.”

“ஏம்மா, ஊருக்கே ஒரு பெருமை வந்திருக்கு, அதைப் போயி கழத்திப் போடச் சொல்றியா?”

“அப்ப டேங்கையாவது நெறைச்சு வைங்க. அவருக்குக் கொஞ்சம் குளிர்ச்சியா இருக்கும்.”

அவ்வளவுதான், ஸ்டாண்டில் இருந்த ஆண்களெல்லாம் ஒரே நேரத்தில் எழுந்துவிட்டார்கள். நெறைக்கறதுன்னா யாரு முதல்ல ஊத்தறது? நான் ஊத்தினதுல இவன் வாழைத்தாரு போகுமா? இவன் ஊத்தினதுல என் அவரை போனா இவன் சும்மா இருப்பானா? மத்தியானத்தில் ஆரம்பித்த சண்டை பொழுது சாய்கிற வரை நடந்தது. என் புருசனைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. நான் எழுந்து வந்தது ஒருத்தருக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு கோவர்த்தனனுக்கு இன்னொரு யோசனை உதித்தது. பம்பாக இருக்கிறவர் எதற்காக ஓட்டவும் வேண்டும்? வீட்டில் சும்மா இருந்த தன் மருமகனைக் கூப்பிட்டு டிரைவர் சீட்டில் உட்காரவைத்தார். என் வீட்டுக்காரரைப் பின்னால், டேங்குக்கு நேர் மேலே, மூட்டைகளுக்கு நடுவில் ஒரு பலகையைப் போட்டு உட்காரவைத்தார்கள். டேங்குக்குப் பக்கத்தில் இருந்தால் இழுவை நன்றாக இருக்கிறதாம். ஸ்டியரிங்கைப் பிடித்த கையால் மூட்டைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மலைவாழைத் தாருக்கும் அவரை மூட்டைக்கும் இடையில், வெயிலில் உட்கார்ந்து அவர் மேலேயும் கீழேயும் போய்வந்தார். கழுத்தில் ஒரு சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். போகும்போது ஈரமாக இருக்கும் மாலை வரும்போது சருகாக இருக்கும்.

“ஏங்க, உங்களைச் சரக்கோட சரக்கா ஏத்திட்டாங்களே, உறைக்கலையா?”

“நான் இல்லாம வண்டி நகருமா? சொல்லு. நகருமா?”

“நகராது.”

“அப்ப யாருடி பெரிய ஆளு?”

என்னத்தைச் சொல்ல. இப்படி ஒரு ஆளைக் கட்டிக்கொண்டு, அந்த ஆளுக்காகக் கவலைப்படுவதையும் விட முடியாமல், திட்டிக்கொண்டே ஈரத்துண்டை நனைத்தேன்.

ஆயுத பூசை நெருங்கியது. பம்பு செத்த பழைய பிக்கப் ரெண்டை கோவர்த்தனன் எங்கிருந்தோ பேசி முடித்து, கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து ஸ்டாண்டில் நிறுத்தினார். ஒரு வண்டியை இழுக்கிற நெஞ்சு மூன்று வண்டியை இழுக்காதா என்பது அவர் கணக்கு. பூசை முடிந்ததும் மூன்றையும் ஒன்றன் பின் ஒன்றாக நிறுத்தி, நடு வண்டியில் என் வீட்டுக்காரரை உட்காரவைத்து, ஊர்ச் சனத்தை எல்லாம் ஏற்றிக்கொண்டு மலை உச்சிக்குப் போய்வருவது என்று சங்கம் தீர்மானம் போட்டது. இதைச் சொல்லும்போது என் வீட்டுக்காரருக்கு முகமெல்லாம் பல்.

“மூணையும் இழுத்துக் காட்டறேன் பாரு.”

“இழுத்துட்டு?”

“இழுத்துட்டு என்ன? இழுத்துட்டதுதான்.”

அவர் உட்கார்ந்து எழுந்த பாயில் கருகின வட்டம் ஒன்று இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் என் ரெண்டு ஆட்டையும் திண்டுக்கல்லுக்கு ஓட்டிக்கொண்டு போனேன், திரும்பி வரும்போது கையில் ஒரு பம்பு இருந்தது. கத்திரிக்காய் வாங்கின மாதிரி முந்தானையில் சுற்றி வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன்.

பூசைக்கு முந்தின நாள் எங்கள் ஊரில் வண்டியை வாய்க்காலுக்குக் கொண்டுபோய்க் கழுவிவிட்டுக் காயவிடுவார்கள். கழுவிவிட்டு மருமகன் போய்விட்டான். ஆண்களெல்லாம் ஸ்டாண்டில் தோரணம் கட்டவும், கட்டுகிறவனுக்கு யோசனை சொல்லவும் போயிருந்தார்கள். என் வீட்டுக்காரர் புங்கமரத்தடியில் மாலையோடு படுத்துக் கிடந்தார். நான் இன்னாசியின் பட்டறைக்குப் போனேன்.

“ஐயோ மதினி, சங்கத்துல தெரிஞ்சா என் கையை ஒடிச்சிருவாங்க.”

“தெரியலைன்னா?”

“எப்படித் தெரியாமப் போகும்?”

“அவங்களுக்கா? டேங்குக்கு அடியில குனிஞ்சு பாக்குற ஆளா அதுல ஒருத்தன் இருக்கான்? உறிஞ்சுற குழாயோட அவனுக பார்வை முடிஞ்சிரும். வாடா.”

அவன் வந்தான். என் மேல் இருந்த மரியாதையால் இல்லை, நான் கத்த ஆரம்பித்தால் ஊரே வந்துவிடும் என்ற பயத்தால். வண்டிக்கு அடியில் படுத்து, டேங்கைத் தாங்குகிற பட்டைகளைக் கழற்றினான். டேங்கு வெறும் தகரமாக லேசாக இறங்கியது. நிறைந்த டேங்காக இருந்திருந்தால் ரெண்டு பேரால் இறக்கியிருக்கவே முடியாது. ஒயர் சாக்கெட்டைப் பிடுங்கியதும் புங்கமரத்தடியில் என் வீட்டுக்காரர் சட்டென்று எழுந்து உட்கார்ந்து, “யாரது?” என்றார். மேல் வளையத்தைத் தட்டித் திருகி இன்னாசி பழைய பம்பை வெளியே எடுத்தான். அடுப்பில் போட்ட கத்திரிக்காய் மாதிரி கருத்துச் சுருங்கியிருந்தது. இதே மாதிரி ஒன்றுதான் அந்த மனுசன் விலாவுக்குள் இருக்கிறது என்று தோன்றியது.

புதுசை வைத்து மூடி, டேங்கை ஏற்றி, சாக்கெட்டைச் சொருகி, சாவியைத் திருப்பினான். டேங்குக்குள் ‘ங்ங்’ என்றது. புங்கமரத்தடியிலும் ‘ங்ங்’ என்றது.

“ரெண்டும் கேக்குதே!” என்றேன்.

“டேங்கு காஞ்சு கெடக்கே மதினி. புதுப் பம்பும் சூடாகுது. இது முங்குற அளவுக்கு ஊத்தினாத்தான் அவருகிட்ட இருக்கறது விடும்னு தோணுது. அப்படின்னு ஒரு நெனைப்பு, எனக்கென்ன தெரியும்.”

நான் ஊருக்குள் ஓடினேன். முதலில் எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கேனை இழுத்தேன், நாங்களும் அந்த ஊர்தானே. அப்புறம் குருவம்மா வீட்டுக்குப் போனேன்.

“கட்டிலுக்கு அடியில இருக்கறதை எடு.”

“அது எங்க வீட்டுக்காரரு சேமிப்பாச்சே!”

“என் வீட்டுக்காரரு நெஞ்சு அது. எடுக்கறியா, நானே குனியட்டுமா?”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு என்ன தெரிந்ததோ, முதல் தடவையாகச் சிரிக்கவில்லை. “எனக்கும் இந்த நாத்தம் தாங்கலடி” என்று சொல்லிக்கொண்டே குனிந்தாள். அவள் அடுத்த வீட்டைக் கூப்பிட்டாள், அடுத்த வீட்டுக்காரி அதற்கடுத்த வீட்டை, இடுப்பில் குடத்தை வைக்கிற மாதிரி கேனை வைத்துக்கொண்டு பெண்களெல்லாம் வாய்க்காலைப் பார்த்து நடந்தோம். பழைய டீசல், தூசியும் எறும்பும் கிடந்தது. இன்னாசி தன் வேட்டியைக் கிழித்துக் கேன் வாயில் கட்டி வடிகட்டிக் கொடுக்கக் கொடுக்க, நாங்கள் ஊற்றினோம். யார் டீசல் யார் டீசலோடு கலக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

ஒவ்வொரு கேன் இறங்கும்போதும் அவர் நெஞ்சுச் சத்தம் ஒரு படி இறங்கியது. அவருக்கு அது தெரிந்துவிட்டது. மரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து தள்ளாடி வந்தார்.

“ஊத்தாதீங்கடி... நிறுத்துங்க... என்னையக் கரைக்கறீங்க...”

எல்லாப் பெண்களும் என்னைப் பார்த்தார்கள். நான் சாய்த்த கேனை நிமிர்த்தினேன். இந்தச் சத்தம் நிற்கும்போது இதனோடு மற்றதும் நின்றுவிட்டால்? ஒரு நிமிசம் எனக்கு ஒன்றும் தெரியவில்லை, அவரைக் கொன்றுகொண்டிருக்கிறேனா, காப்பாற்றிக்கொண்டிருக்கிறேனா என்று தெரியவில்லை. கேட்டுச் சொல்ல அந்த ஊரில் ஒரு உருப்படியான ஆள் கிடையாது. குருவம்மாவிடம் கேனைக் கொடுத்து, “நீ ஊத்து” என்று சொல்லிவிட்டு, போய் அவரைக் கட்டிப் பிடித்து, நெஞ்சில் காதை வைத்துக்கொண்டேன். காது பொசுங்கியது. எடுக்கவில்லை. முனகல் குறைந்து, இன்னும் குறைந்து, டீசல் டேங்கின் கழுத்துக்கு வந்து தளும்பியபோது, நின்றது. ஒன்றுமே கேட்கவில்லை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்புறம் தூரத்தில், பக்கத்து வீட்டில் யாரோ வெறுங்காலோடு நடக்கிற மாதிரி, மெதுவாக, அவருடைய சொந்த நெஞ்சு அடித்துக்கொண்டிருப்பது கேட்டது.

அவர் என்னைத் தள்ளிவிட்டார்.

“என்னைய வெறும் ஆளாக்கிட்டியே, பாவி.”

“ஆமா.”

“நாளைக்கு நான் எந்த மூஞ்சியோட அங்க போயி உக்காருவேன்?”

“இருக்கிற மூஞ்சியோட.”

அன்றைக்கு அவர் என்னோடு பேசவில்லை. ஆனால் பசிக்கிறது என்று பிள்ளைகளிடம் சொல்லி அனுப்பினார். ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டார்.

மறுநாள் பூசை. சுத்தி, ஸ்பேனர், சாக்கு ஊசி, மண்வெட்டி எல்லாவற்றையும் அடுக்கி, அதற்கு நடுவில் நாற்காலி போட்டு என் வீட்டுக்காரரை உட்காரவைத்தார்கள். சந்தனம் குழைத்து நெஞ்சில் பூசி, குங்குமம் வைத்து, வண்டிச் சக்கரத்துக்கு வைக்கிற மாதிரி அவர் காலுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பூசணிக்காய் உடைத்தார்கள். அவர் முகம் வெளுத்துப்போய், வேர்த்து வடிய, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னாசி கூட்டத்தின் கடைசியில், ஓடுவதற்கு வசதியான பக்கத்தில் நின்றான்.

“தூக்குங்கப்பா, நடு வண்டியில வைங்க” என்றார் கோவர்த்தனன். நாலு பேர் நாற்காலியைத் தூக்க வருவதற்குள், பொறுமையில்லாத அந்த மருமகன் வெள்ளை வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பிவிட்டான். பொட்டென்று பிடித்தது. பாட்டுப் பாடுகிற மாதிரி ஓடியது. பதற்றத்தில் அவன் கியரைப் போட்டுவிட, வண்டி ஸ்டாண்டை விட்டு வெளியே போய், ஊர்க்கோடி வரைக்கும் போய், திரும்பியும் வந்தது. என் வீட்டுக்காரர் எலுமிச்சம்பழத்தின் மேல் காலை வைத்தபடி நாற்காலியிலேயே இருந்தார்.

சனம் வாயைத் திறந்தது திறந்தபடி நின்றது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். இப்போது ஒருத்தன், ஒரே ஒருத்தன், குனிந்து டேங்கைப் பார்த்தால் போதும்.

“ஏறாமலே இழுக்கறாருய்யா!” என்று ஒருத்தன் கத்தினான்.

அவ்வளவுதான். குலவை என்ன, விசில் என்ன, வெடி என்ன. கோவர்த்தனன் நாற்காலியின் காலில் விழுந்தார். மற்ற ரெண்டு வண்டியிலும் சாவியைப் போட்டுப் பார்த்தார்கள், அவை செத்தது செத்தபடி கிடந்தன. அந்த வண்டிகள் இருந்த வீட்டில் தீட்டு, அதனால்தான் அவற்றுக்குக் கொடுப்பினை இல்லை என்று அங்கேயே முடிவாகிவிட்டது. கொஞ்ச நாள் கழித்து கோவர்த்தனன் யாருக்கும் சொல்லாமல் அவற்றைத் திண்டுக்கல்லுக்கு இழுத்துப்போய், ஒழுங்காகப் பம்பு மாற்றிக்கொண்டு வந்தார். அந்தக் காரியத்தை மட்டும் அவர் வெட்கப்பட்டுக்கொண்டு செய்தார்.

எனக்கு ஒரு கவலை மிச்சம் இருந்தது. கட்டில் டீசல் தீர்ந்ததும் இவர்கள் மறுபடியும் குழாயைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், டேங்கு காயும், புதுப் பம்பு சாகும், அது மறுபடி எங்கே போய் ஒட்டும் என்று எனக்குத் தெரியும். இந்த ஆட்களிடம் காரணம் சொன்னால் ஏறாது. அதனால் கூட்டத்துக்கு நடுவில் போய், முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு சொன்னேன்:

“எங்க வீட்டுக்காரரு ஒண்ணு சொல்லச் சொன்னாரு. இனிமே டேங்கு பாதிக்குக் கீழ இறங்குச்சுன்னா, அவரு இழுக்கறதை இங்க நிறுத்திட்டு கோம்பையூரு வண்டியை இழுப்பாராம்.”

அதற்குப் பிறகு டேங்கு ஒரு நாளும் பாதிக்குக் கீழே இறங்கவில்லை. கட்டிலுக்கு அடியில் கை விட்ட ஆண்களுக்கு அங்கே கேன் இல்லை, பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை. சாமியே எடுத்துக்கொண்டது என்று அதற்கும் ஒரு விளக்கம் கிடைத்தது. ஆண்கள் புதுசாக வாங்கிவந்து ஊற்றினார்கள். யார் சரக்கு என்று கேட்கவில்லை, யார் முதலில் ஊற்றுவது என்றுதான் சண்டை. உறிஞ்சுகிற குழாயை அறுத்து வாழைக்குத் தண்ணீர் விட எடுத்துப்போனார்கள். புத்திசாலித்தனமாக ஒரு காரியத்தைச் செய்ய அவர்களுக்கு இவ்வளவு பெரிய முட்டாள்தனம் தேவைப்பட்டது.

என் வீட்டுக்காரர் இப்போது வீட்டில்தான் இருக்கிறார். வண்டியில் ஏற வேண்டாம், ஊரில் இருந்தால் போதும் என்று சங்கம் சொல்லிவிட்டது. ஸ்டியரிங்கைத் தொடக்கூட விடுவதில்லை, சாமி எதற்காகக் கை வலிக்க ஓட்ட வேண்டும் என்கிறார்கள். முதல் டீ வாசலுக்கே வருகிறது. கைப்பிள்ளைகளைக் கொண்டுவந்தால், சாமி இப்போது மௌனத்தில் இருக்கிறார் என்று நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

பூசையன்று சாயங்காலம், நெஞ்சில் இருந்த சந்தனத்தை நான் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். ஆவி வரவில்லை. தோல் மண்பானை மாதிரி சில்லென்று இருந்தது. அவர் வாசலைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, முந்தின நாள் சண்டைக்குப் பிறகு முதல் தடவையாக என்னோடு பேசினார்.

“எனக்குள்ள இப்ப ஒண்ணுமே இல்ல வெள்ளத்தாயி. ஊருக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?”

“எனக்குக் கட்டிக்கிட்ட அன்னைக்கே தெரியும். நான் யாருகிட்டயாவது சொன்னேனா?”